ஆள் எடுக்கும் மேசைக்கு ஒரு திறந்த மடல்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நூற்பாலை, விசைத்தறிக் கூடம், ஆயத்த ஆடைக் கூடம், ஆஸ்பத்திரி, தனியார் கல்லூரி, பெரிய கடை என்று பத்துப் பேருக்கு மேல் வைத்து நடத்துகிறவர்களுக்கும், அங்கெல்லாம் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் மேலாளர்களுக்கும்:

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தின் முதலிடத்தில் இருந்தது, 2023இலும் 97.85 சதவீதத்தோடு முதலிடம் பெற்றது. இதே மாவட்டத்தைத்தான் 2018இல் ஒன்றிய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போனவை இரண்டே மாவட்டங்கள். ஒன்று ராமநாதபுரம், மற்றொன்று நாம். உடல்நலம், ஊட்டச்சத்து, வேளாண்மை, திறன் பயிற்சி என்று பலவற்றையும் அளந்து போட்ட பட்டியல் அது என்பது உண்மைதான். ஆனாலும் தேர்ச்சியில் முதலிடம் கண்ட மாவட்டம் வாழ்நிலையில் பின்னால் நிற்கிறது என்றால், மதிப்பெண் பட்டியலுக்கும் சம்பளச் சீட்டுக்கும் நடுவே எதுவோ அறுந்து கிடக்கிறது. யாருக்கு அது அதிகமாக அறுந்து கிடக்கிறது என்பதைப் பேசத்தான் இந்த மடல்.

நான் சொல்ல வருவது இது. பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் பள்ளிக்கூடத்தில் இருந்த இடைவெளியை இந்த மாநிலம் அறுபது எழுபது ஆண்டுகளாகப் பாடுபட்டுப் பெருமளவு குறைத்திருக்கிறது. பள்ளியை விட்டு வெளியே வந்து முதல் வேலையில் கால் வைக்கும் இடத்தில் அதே இடைவெளி மறுபடியும் விரிகிறது. அந்த இடம் அரசின் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. அதைச் சரிசெய்யப் புதுச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு சட்டமும், காலியிடத்தை ஊரறியச் சொல்லும் பழக்கமும் போதும்.

பள்ளி தன் பங்கைச் செய்திருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மாவட்டத்து மண்ணிலிருந்து போன காமராஜர் முதல்வராக இருந்தபோது 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. அதன் பிறகு விடுதி, சீருடை, சைக்கிள், உதவித்தொகை, முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகள் வைக்கப்பட்டன. 2022இல் புதுமைப் பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று அரசுப் பள்ளியில் படித்து மேலே போகிறவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது. பலன் கண்ணுக்குத் தெரிகிறது. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22இல் நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. இங்கே பட்டியல் சாதி மாணவர்களின் விகிதத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் அது நாட்டின் பொதுச் சராசரியைவிட அதிகம். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதமாகவும் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 73 சதவீதமாகவும் இருந்தன. தாத்தா கைநாட்டு, அப்பா எட்டாவது, மகள் பி.எஸ்.சி. என்பது இன்று சேத்தூரிலும் வத்திராயிருப்பிலும் யாரும் வியந்து பார்க்கும் செய்தி அல்ல.

அப்படிப் படித்த பிள்ளைகள் அடுத்து எங்கே போகிறார்கள்? அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட இந்திய உழைப்பு நிலை அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. தினக்கூலிக்குப் போகும் அப்பாவின் மகனும் தினக்கூலிக்கே போவது எவ்வளவு என்று 2004ஐயும் 2018ஐயும் ஒப்பிட்டிருக்கிறார்கள். 2004இல் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களில் அது 86 சதவீதம். மற்றச் சாதிகளில் 83. ஏறத்தாழ ஒரே நிலை. பதினான்கு ஆண்டுகள் கழித்து மற்றச் சாதிகளில் அது 53 ஆக இறங்கிவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களில் 76இல் நின்றுவிட்டது. இந்த நான்கு எண்களையும் நிதானமாகப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தொடக்கத்தில் இரு தரப்பும் ஒரே கூலிக்காரக் குடும்பங்கள். வறுமை பொது, படிப்பின் பரவலும் பொது, பொருளாதாரம் வளர்ந்த காலமும் பொது. ஒரு தரப்பில் பாதிக்குப் பாதி கரையேறினார்கள், மறு தரப்பில் நான்கில் மூன்று பேர் அங்கேயே நிற்கிறார்கள். வறுமையை மட்டும் காரணம் காட்டினால் இந்த வித்தியாசம் விளங்காது.

காரணத்தைத் தேடியவர்களும் உண்டு. சுக்தேவ் தோராட், பால் அட்டவெல் என்ற இரு அறிஞர்கள் 2005 முதல் ஆங்கில நாளேடுகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் சமம். பெயரில் மட்டும் வேறுபாடு. உயர்சாதி இந்துப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது சுமார் 67, முஸ்லிம் பெயருக்குச் சுமார் 33 என்று 2007இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. நேரில் பார்க்கவில்லை, பேசவில்லை, தாளில் இருந்த பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் இந்திய, வங்கதேச, ஆப்பிரிக்கப் பூர்வீகம் கொண்ட குடும்பத்துப் பிள்ளைகள் வெள்ளையரைவிட அதிக விகிதத்தில் பல்கலைக்கழகம் போகிறார்கள். ஆனாலும் சிறுபான்மையினர் பலருக்கு வேலையின்மை வெள்ளையரைவிட அதிகம். படிப்பில் முந்தியும் வேலையில் பிந்துவது வெளிநாட்டிலும் பார்த்த சங்கதி. தமிழ்ப் பெயர்களில் சாதி ஒட்டு பெரும்பாலும் இல்லை, ஆகவே இங்கே அப்படி நடக்காது என்று நீங்கள் சொல்லலாம். திராவிட இயக்கம் பெயரிலிருந்து சாதியை உதிர்த்தது உண்மை, பெரிய காரியமும்கூட. ஆனால் பெயரில் இல்லாததைக் கண்டுபிடிக்க நம் வட்டாரத்தில் வேறு வழிகள் இருக்கின்றன.

வேலை கேட்டு வரும் ஒரு பையனின் கோப்பைத் திறந்து பாருங்கள். பயோடேட்டாவின் மேல் பகுதியில் முகவரி. தெருப் பெயர் இருக்கும். பல சமயம் ‘காலனி’ என்று முடியும். அந்தச் சொல்லே வசையாகிவிட்டது என்பதால்தான், அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். முகவரிக்குக் கீழே தந்தை பெயர், தந்தை தொழில். பின்னால் குத்தியிருக்கும் டி.சி. நகலில் பல சமயம் சமூகம் என்று தனியாக ஒரு வரி. கல்விச் சலுகைக்காகப் பள்ளி எழுதித் தந்த வரி அது. சலுகைக்காக எழுதப்பட்டது, வேலை கேட்கப் போகும்போதும் கூடவே போகிறது. இவ்வளவும் போதாது என்றால் நேர்காணலில் கேள்விகள் இருக்கின்றன. எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தப் பக்கம்? இன்னார் உனக்குச் சொந்தமா? உங்க சாமி எது? கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். பேச்சைத் தொடங்கத்தான் கேட்கிறோம் என்று அவர் மனதார நம்பவும் கூடும். பதில் சொல்கிறவனுக்கு அந்த ஐந்து நிமிடம் வேறு ஒரு தேர்வு. ஃபிட்டர் வேலைக்கு வந்தவனிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்து அளந்து காட்டச் சொல்வதற்கு முன்பே அவன் எடைபோடப்பட்டுவிடுகிறான்.

‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை’ என்று உங்களில் பலர் சொல்வீர்கள். அதை நான் பொய் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே வராதபடி ஏற்பாடு அமைந்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன். ஆலையில் ஸ்டோர்ஸ் கிளார்க் இடம் காலியானால் அது பேப்பரில் வருவதில்லை, வாசலில் ஒட்டுவதும் அபூர்வம். இருக்கிற கிளார்க்கிடம் ‘நல்ல பையனா யாராவது இருந்தா சொல்லுங்க’ என்பார்கள். அவர் தன் அக்கா மகனைச் சொல்வார், பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வார், தன் சங்கத்தில் தெரிந்தவர் மகனைச் சொல்வார். நம் ஊர்களில் அக்கா மகனும் பக்கத்து வீடும் சங்கமும் ஒரே சாதிக்குள் இருப்பவை. அவர் யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை, தெரிந்தவருக்கு நல்லது செய்தார், அவ்வளவுதான். ஆனால் அலுவலகத்தில் முதல் தலைமுறையில் யார் இருந்தார்களோ அவர்களின் உறவே இரண்டாம் தலைமுறையிலும் உள்ளே வருகிறது. அலுவலகத்தில் யாருமே இல்லாத தெருவுக்குச் சேதி போய்ச் சேர்வதே இல்லை. சேதி வராத வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது? ‘அவர்கள் யாரும் கேட்டு வருவதில்லை’ என்ற குறைக்கும் இதுவே பதில். கேட்டுப் போனால் கிடைக்கும் என்று நம்ப ஒரு முன்மாதிரி வேண்டும். அஸ்வினி தேஷ்பாண்டேயும் கேத்ரீன் நியூமனும் டெல்லிப் பல்கலைக்கழகங்களில் படித்து முடிக்கும் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரே வகுப்பில் ஒரே பாடம் படித்தும் தலித் மாணவர்கள் எதிர்பார்த்த சம்பளம் குறைவு, தனியார் துறைமேல் இருந்த நம்பிக்கையும் குறைவு. தலைநகரில், பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கே அப்படியென்றால் மம்சாபுரத்துப் பையனிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்?

பெண்பிள்ளைகளின் கதை இதிலும் ஒருபடி கீழே. நூற்பாலைகளுக்கு ஆள் தட்டுப்பாடு என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் வரைக்கும் போய் ஆள் கூட்டி வருகிறார்கள். அதற்கு முன்பு, தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து பெண்களைக் கூட்டிப்போய் விடுதியில் வைத்து, மூன்று ஆண்டு முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டம் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது; 2011இல் வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்கள் அதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டன. அதில் போய்ச் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி பட்டியல் சாதிப் பெண்கள். அந்தத் திட்டத்தை நடத்திய ஆலைகள் எவை என்ற விசாரணைக்கு நான் வரவில்லை. எனக்குப் படும் விஷயம் வேறு. ஆலை வாசல் இவர்களுக்கு மூடியிருக்கவில்லை. டாஃபிங், சைடு பார்ப்பது போன்ற இயந்திர வேலைகளுக்கு வீட்டு வாசலுக்கே வண்டி போனது. தரக்கட்டுப்பாட்டு அறைக்கும் கணக்குப் பிரிவுக்கும் சூப்பர்வைசர் நாற்காலிக்கும் அந்த வண்டி போகவில்லை. ஆகவே உங்கள் ஆலையில் எத்தனை பட்டியல் சாதித் தொழிலாளர்கள் என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எந்தப் பிரிவில், என்ன சம்பளத்தில், சேர்ந்து பத்து ஆண்டுகளில் எங்கே போயிருக்கிறார்கள் என்பது மீதிக் கேள்வி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடங்களுக்கும் தளவாய்புரத்து நைட்டித் தையல்கூடங்களுக்கும் இது பொருந்தும். ஊசிக்கு முன்னால் உட்காருகிறவர் யார், ஆர்டர் எடுக்கிறவர் யார் என்று பார்த்தால் போதும்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களை இந்தக் கணக்கில் பொதுவாக நாம் மறந்துவிடுகிறோம். செண்பகத்தோப்பிலும் அத்திகோவிலிலும் தாணிப்பாறையிலும் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் பக்கமும் வாழும் பளியர்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த காடு 1988இல் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாகிவிட்டது. பழைய பிழைப்பு சுருங்கிவிட்டது, புதியது ஒன்று வந்து சேரவில்லை. தோப்புக் காவலும் தேங்காய் மாங்காய்க் கூலியும்தான் மிச்சம். மாநிலத்தில் பழங்குடியினரின் எழுத்தறிவு 2011இல் 54 சதவீதம். பட்டியல் சாதியினருக்குச் சாதிச் சான்றை வட்டாட்சியர் தருகிறார். பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர் நேரடியாக விசாரித்துத் தர வேண்டும். போலிகளைத் தடுக்க வந்த ஏற்பாடு அது, தேவையும் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாத வீட்டுக்கு அந்த விசாரணையின் ஒவ்வொரு தேதியும் ஒரு செலவு. அந்தச் சான்று இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை, ஒதுக்கீடு இல்லை. இவ்வளவையும் தாண்டி ஒரு பளியர் பிள்ளை பிளஸ் டூ முடித்து மலையிறங்கினால், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்களிலும் சேர்த்து அந்தப் பிள்ளைக்கு ‘எங்க ஆளு’ என்று சிபாரிசு சொல்ல ஒரு அலுவலகத்தில்கூட ஆள் இருக்காது. சிபாரிசை நம்பி நடக்கும் வேலைச் சந்தை யாரை முழுவதுமாக வெளியே நிறுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். முதலில் வருவது தகுதி. ‘தொழில் நடக்க வேண்டாமா, தகுதி இல்லாதவரை எடுத்தால் நஷ்டம் யாருக்கு?’ நியாயமான கேள்வி. தகுதியைப் பார்த்தே எடுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். ஆனால் அக்கா மகன் உள்ளே வந்தபோது எந்தத் தேர்வு நடந்தது? எத்தனை பேரோடு போட்டியிட்டு அவர் வென்றார்? ஒருவரை மட்டும் பார்த்து ஒருவரை எடுத்தால் அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. ஐம்பது பேரிடம் சேதி போய், ஐம்பது பேரும் எழுதி, அதில் முதலாவது வந்தவரை எடுத்தால் தகுதிக்கும் தொழிலுக்கும் நல்லது. ஆங்கிலம் பேச வராது, நடை உடை சரியில்லை என்ற குறைகளையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு ஏற்றுமதிக் கடிதம் எழுதும் நாற்காலிக்கு ஆங்கிலம் தேவை. ரிங் ஃபிரேம் பராமரிப்புக்கும் ஆய்வகத்தில் நூல் எண் பார்ப்பதற்கும் மருந்துக்கடைக் கணக்குக்கும் அது எவ்வளவு தேவை? வேலைக்குத் தேவையில்லாததைத் தகுதி என்று கேட்டால், வீட்டுச் சூழலால் அது தானாக வாய்த்தவருக்குப் போட்டியில்லாமல் இடம் போய்விடும்.

‘அவர்களுக்குத்தான் அரசு வேலையில் ஒதுக்கீடு இருக்கிறதே’ என்பது அடுத்தது. இது பலர் வாயில் வருவது, அதனால் எண்ணிப் பார்த்துவிடுவோம். 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் மாநிலம் முழுவதற்கும் 6,244. எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். பட்டியல் சாதியினரின் 18 சதவீதம் என்றால் ஏறத்தாழ 1,120 இடம். பழங்குடியினரின் ஒரு சதவீதம் என்றால் 62 இடம். இடங்கள் பின்னர் கூட்டப்பட்டன, ஆனாலும் கணக்கின் அளவு மாறிவிடாது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி முடித்து வரும் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இது எந்த மூலைக்கு? அதற்காகவே ஐந்தாறு ஆண்டுகள் பயிற்சி மையத்தில் கழித்து, வயது ஏறி, கடைசியில் தனியார் வேலைக்கு வந்தால் ‘இத்தனை நாள் என்ன செய்தாய்’ என்று கேட்கிறோம். அரசியலில் இதே வட்டாரத்தைப் பாருங்கள். முன்பு ராஜபாளையம் தனித் தொகுதியாக இருந்தது. 2011 தேர்தல் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி. இரண்டும் அடங்கிய தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதி. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பட்டியல் சாதி உறுப்பினரை அனுப்புவதை நாமெல்லாம் இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். சட்டம் இயற்றும் இடத்தில் உட்கார முடிந்த சமூகம் நம் ஊர் ஆலையின் கணக்குப் பிரிவில் உட்கார ஏன் இவ்வளவு அரிதாக இருக்க வேண்டும்?

இந்த இடத்தில் ராஜபாளையத்தார் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. உங்கள் ஊர் பூ.ச.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவர் ஆட்சியில்தான் வகுப்புவாரி அரசாணைக்கு எதிராகச் செண்பகம் துரைராஜன் வழக்கு வந்தது. கல்லூரியில் 14 இடம் என்றால் இன்னின்ன வகுப்புக்கு இத்தனை, அதில் ஹரிஜனங்களுக்கு 2 என்று பிரித்துக் கொடுத்த ஆணை அது. 1950இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. குமாரசாமி ராஜாவின் அரசு அதோடு விட்டுவிடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடியது. 1951 ஏப்ரலில் அங்கேயும் தோற்றது. தமிழகம் கொந்தளித்தது, ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே வந்து, பின்தங்கியோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் கல்வியில் தனி ஏற்பாடு செய்ய 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. நாடு முழுவதும் இன்று கல்லூரியில் இடம் பெறும் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவே ஆதாரம். அந்த வழக்கைக் கடைசி வரை நடத்திய அரசுக்குத் தலைவர் உங்கள் ஊர்க்காரர். கல்லூரி வாசலுக்காக அன்று அவர் நின்ற பக்கத்தில், வேலை வாசலுக்காக இன்று நீங்கள் நிற்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓர் இடத்தில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சியாளர் சட்டம், அப்ரண்டிஸ் சட்டம் என்று ஆலையில் சொல்வது, தனியாருக்கும் பொருந்தும். அதன் 3ஏ பிரிவு, குறிக்கப்பட்ட தொழில்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை வேலை கொடுப்பவரே ஒதுக்க வேண்டும் என்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர் எல்லாம் அந்தத் தொழில்களில் அடக்கம். 2019இல் திருத்திய விதிகளின்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். 600 பேர் வேலை செய்யும் ஆலைக்குக் கணக்குப் போடுங்கள்: குறைந்தது 15 பேர், விரும்பினால் 90 பேர் வரை. உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசே ஏற்கிறது. பள்ளியிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் ஒரு பிள்ளை தடுக்கி விழும் இடம் எதுவோ, மிகச் சரியாக அந்த இடத்தில் இந்தச் சட்டம் ஒரு கைப்பிடியைப் பொருத்தி வைத்திருக்கிறது. அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு ஓராண்டு அனுபவமும் தேசியச் சான்றிதழும் கிடைக்கின்றன. உங்களுக்கு ஓராண்டு கூடவே வைத்துப் பார்த்து எடுக்கும் வசதி கிடைக்கிறது. பத்து நிமிட நேர்காணலில் எந்த மேலாளருக்கும் கிடைக்காத வசதி. நிரந்தரமாக எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் பொதுவாக இல்லை. தொழிலைக் கெடுக்கும் என்று எவரும் பயப்பட இதில் எதுவும் இல்லை. ஆகவே ஒதுக்கீட்டுப் பயிற்சி இடங்களை நிரப்பாமல் விடுவதையோ, அந்த இடங்களிலும் தெரிந்தவர் பிள்ளைகளை உட்கார வைப்பதையோ வெறும் கவனக்குறைவு என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. அது ஒரு பிள்ளையின் முதல் சம்பளத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது.

சிலர் வேறு ஒரு அச்சத்தைச் சொல்வார்கள். ‘எல்லோரையும் கலந்து வைத்தால் விடுதியில், கேன்டீனில் சச்சரவு வரும், நமக்கு ஏன் வம்பு?’ தென் மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருவதும், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்டதும் நமக்குத் தெரியாதவை அல்ல. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்து, கயிறு முதல் பள்ளியின் பெயரில் இருக்கும் சாதி வரை நீக்கச் சொன்னது. சச்சரவுக்குப் பயந்து பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் உட்கார வைக்கலாம் என்று அந்தக் குழு சொல்லவில்லை. தலைமையாசிரியரைவிட ஆலை மேலாளருக்கு அதிகாரம் அதிகம்: ஷிப்டு அவர் கையில், சம்பளம் அவர் கையில், ஒழுங்கு நடவடிக்கை அவர் கையில். வம்பு செய்கிறவனைத் தண்டிக்க முடியாமல், வம்புக்கு ஆளாகக் கூடியவனை எடுக்காமல் விடுவது நிர்வாகத்துக்கு அழகு அல்ல.

இன்னொரு மறுப்பு மனதைத் தொடுவது: ‘எங்கள் சாதியிலும் ஏழைகள் இல்லையா? கூலிக்காரப் பிள்ளைகள் இல்லையா?’ இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கிலேயே மற்றச் சாதிக் கூலிக்காரர் மகன்களில் 53 சதவீதம் பேர் 2018இலும் கூலிக்குத்தான் போனார்கள். சிபாரிசுச் சந்தையில் அவர்களும் தோற்றவர்கள்தான். முதலாளி வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வரும் உறவினர் மகனுக்குச் சேதி போகும். அதே சாதியில் கல் உடைக்கிறவர் மகனுக்குப் போகாது. காலியிடத்தை ஊரறியச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் நல்லது. ஆனால் இரண்டு பிள்ளைகளின் இடர்ப்பாடும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஒருவனுக்கு வறுமை மட்டும் தடை. மற்றவன் வறுமையைக் கடந்த பிறகும், பட்டம் வாங்கிய பிறகும், சட்டை மடிப்புக் கலையாமல் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகும், எந்தத் தெரு என்ற கேள்வியைக் கடக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. ஸ்டோர்ஸ் கிளார்க் முதல் சூப்பர்வைசர் வரை எந்தக் காலியிடம் வந்தாலும் பத்து நாளாவது வாசலில் ஒட்டுங்கள். ஒரு நகலை அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் ஐ.டி.ஐ.க்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் அனுப்புங்கள். மலையடிவாரக் குடியிருப்புகளுக்கு ஆள் போய்ச் சொல்ல ஒரு நடை பிடிக்கும். அந்த நடையும் வேண்டும். முதல் கட்டத்தில் பயோடேட்டாவில் பெயர், முகவரி, தந்தை தொழில் மூன்றையும் மறைத்துவிட்டுப் படிப்பையும் செய்முறைத் தேர்வையும் மட்டும் பார்த்து வடிகட்டுங்கள், டி.சி.யை வேலை உறுதியான பிறகு கேட்டு வாங்குங்கள். ஊர், தெரு, சாமி பற்றிய கேள்விகளை நேர்காணலில் கேட்கக் கூடாது என்று எச்.ஆர். பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். 3ஏ பிரிவின்படி இந்த ஆண்டு எத்தனை இடம் ஒதுக்க வேண்டும், எத்தனை நிரப்பினீர்கள் என்பதை உங்கள் அறிவிப்புப் பலகையிலேயே போடுங்கள். இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவைப்படாது. முப்பது பேருக்குக் குறைவாக வைத்து நடத்துகிறவர்களுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. காலியிடத்தை வாசலில் ஒட்டுவதற்குச் சட்டம் தேவையும் இல்லை.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும். அதைத் தொடர்ந்து ஐ.டி.ஐ. சேர்க்கையும் அப்ரண்டிஸ் ஒப்பந்தங்களும் தொடங்கிவிடும். பலகையில் ஒட்ட வேண்டியதை அதற்கு முன்பே தயார் செய்ய அவகாசம் இருக்கிறது. மேற்சொன்னவற்றில் நடைமுறைக்கு ஒத்துவராதது எது, ஏன் என்று உங்கள் சங்கங்களின் வழியாகப் பொதுவில் எழுதுங்கள். சரியான காரணம் இருந்தால் மாற்று வழி பேசலாம். ‘யோசிக்கிறோம்’ என்ற பதிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் வட்டாரத்துக் குடிமக்களில் ஒருவர்